கேக்குக்கு வரி உண்டா?

ஆஸ்திரேலியாவில் 1993-ம் வருஷம் மார்ச்சு 13-ந் தேதி பொதுத் தேர்தல் நடந்தது. அதற்குச் சரியாகப் பத்து நாள் இருக்கும்போது, எதிர்க்கட்சித் தலைவர் ஜான் ஹ்யூசன் டெலிவிஷன் பேட்டி ஒன்றுக்கு வந்து உட்கார்ந்தார். வெற்றி தமக்கே என்ற நம்பிக்கையுடன் வந்தார். அந்த நம்பிக்கை அவருக்கு மட்டும் இருந்ததல்ல. தோற்கவே முடியாத தேர்தல் என்று அதற்கு ஒரு பெயரே ஏற்பட்டுவிட்டது.

பேட்டி கண்டவர் மைக் வில்லஸி என்னும் பழுத்த அனுபவசாலி. பொருளாதார நிபுணர்கள் கேட்கக்கூடிய பெரிய கேள்வி எதையும் அவர் கேட்கவில்லை. பிறந்தநாள் கொண்டாடப்போகும் குழந்தை தன் தாயாரிடம் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார். கேக்குக் கடைக்குப் போய் ஒரு பிறந்தநாள் கேக்கு வாங்குகிறேன். நீங்கள் கொண்டுவரப் போகும் புது வரி அமலுக்கு வந்துவிட்டால் அந்தக் கேக்குக்கு நான் அதிகம் கொடுக்கவேண்டுமா, குறைவாகக் கொடுக்கவேண்டுமா? கேள்வி இவ்வளவுதான்.

ஹ்யூசன் பதில் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் கடைக் கேக்குக்கு இப்போது விற்பனை வரி உண்டா இல்லையா என்பதை முதலில் பார்க்கவேண்டும் என்றார். இப்போது வரி இல்லையென்றால் புது முறையிலும் இராது. இப்போது வரி உண்டென்றால் புது வரியும் உண்டு. ஆனால் பழைய வரி ஒழிந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விலையில் தெரியும். அதிலும் கேக்கை எப்படி அலங்கரித்திருக்கிறார்கள் என்று கவனிக்கவேண்டும். அலங்காரச் சாமான்களுக்குத் தனியே வரி இருக்கலாம். மெழுகுவர்த்தியின் விஷயமும் வந்தது. எப்படியானாலும் சராசரி மனிதனின் சட்டைப் பையில் அதிகப் பணம் மிஞ்சும், அதுதான் முக்கியம் என்று முடிக்கப் பார்த்தார். ஆனால் அதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் மனம் மெழுகுவர்த்தியிலேயே நின்றுவிட்டது. ஒரு கேக்குக்கே விடை இவ்வளவு சிக்கலென்றால் உங்கள் மொத்த வரித் திட்டத்தின் கதி என்ன என்று வில்லஸி திருப்பிக் கேட்டார். அன்றிரவு நாட்டின் வீடுகளில் சாப்பாட்டு மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் அதையேதான் கேட்டிருப்பார்கள்.

இந்த ஹ்யூசன் யார்? கணக்குத் தெரியாத ஆசாமியா? அதுதான் இல்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் பொருளாதார சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். சர்வதேச நிதி ஸ்தாபனத்திலும் தம் நாட்டு ரிசர்வ் பாங்கியிலும் உத்தியோகம் பார்த்தவர். நியூ சவுத் வேல்ஸ் சர்வகலாசாலையில் பொருளாதாரப் புரொபஸராக இருந்தவர். லிபரல் கட்சியின் பொக்கிஷ மந்திரிகளுக்கு ஆலோசனை சொன்னவர். 1987-ல் பார்லிமெண்டில் நுழைந்து, மூன்றே வருஷத்தில் கட்சித் தலைவரானார். அவருக்கு எதிரே நின்ற பிரதம மந்திரி பால் கீட்டிங்கோ பதினைந்து வயது நிரம்பு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டவர்.

1991 நவம்பரில் ஹ்யூசன் வெளியிட்ட திட்டம் 650 பக்கம் கொண்டது. எதிர்த்துப் போராடு என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார்கள். தேர்தலுக்கு ஒன்றேகால் வருஷம் முன்னதாகவே, பதவிக்கு வந்தால் என்னென்ன செய்வோம், எந்த வரியை எடுப்போம், எதைப் போடுவோம் என்று ஓர் எதிர்க்கட்சி இவ்வளவு விரிவாக எழுதி ஜனங்கள் கையில் கொடுப்பது அபூர்வம். அதன் மையமான அம்சம், கடையில் வாங்கும் சாமான்களுக்கும் பிறர் செய்து தரும் சேவைகளுக்கும் 100-க்கு 15 வீதம் பொதுவாக ஒரு வரி. நம் நாட்டிலே 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. என்ற மூன்று எழுத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமாகியிருக்கும் வரியின் உறவினர்தான் அது. பெயர்கூட அதே பெயர்தான். இதற்குப் பதிலாக மொத்த வியாபாரத்தின் மேல் இருந்த பழைய விற்பனை வரி எடுபடும்; தொழிலாளருக்குக் கொடுக்கும் சம்பளத்தின்மேல் முதலாளிகள் கட்டிவந்த வரி எடுபடும்; வருமான வரியும் குறையும்.

பழைய விற்பனை வரி 1930-ல் உலகமெங்கும் வியாபார மந்தம் பரவிய காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஏற்பட்டது. அது மொத்த வியாபாரியிடமே வசூலாகிவிடும். ஒவ்வொரு வகைச் சாமானுக்கு ஒவ்வொரு விகிதம். சில சாமான்களுக்கு வரியே கிடையாது. கடைக்குப் போகிற குடும்ப ஸ்திரீயின் கண்ணில் அது படாது, விலைக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். புது வரியோ கடைக்காரன் ரசீதிலே கண்ணெதிரே நிற்கும். அறுபது வருஷமாகக் கொடுத்துவந்த வரியை ஜனங்கள் வரி என்றே எண்ணவில்லை. இனிமேல் கொடுக்கப்போகும் வரிதான் அவர்களுக்கு வரியாகப் பட்டது. பொருளாதார நூல்கள் இதை அறியாமை என்று சொல்லக்கூடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத முள்ளைவிடத் தெரிகிற முள்ளுக்கு மனிதன் அதிகம் பயப்படுவதில் என்ன ஆச்சரியம்?

முதலில் வெளியான திட்டத்தில் சாப்பாட்டுச் சாமான்களுக்கும் விலக்குக் கிடையாது. ஊரெங்கும் கூச்சல் கிளம்பவே, 1992 டிசம்பரில் ஹ்யூசன் ஒரு படி இறங்கினார். அத்தியாவசியமான உணவுப் பொருள்களுக்கு வரி இல்லை என்று திட்டத்தைத் திருத்தினார். இரக்கமான காரியந்தான். ஆனால் கேக்கின் வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. ரொட்டி உணவு என்பதில் சந்தேகமில்லை. கேக்கு உணவா, தின்பண்டமா? அதன் மேல் சர்க்கரைப் பாகில் எழுதிய குழந்தையின் பெயர் உணவா, அலங்காரமா? வரியில் விலக்கு என்ற ஒரு கதவைத் திறந்துவிட்டால், அதன் வழியே எது நுழையலாம், எது நுழையக்கூடாது என்று வாசலில் ஒருவன் நின்று தர்க்கம் செய்துகொண்டே இருக்கவேண்டியதுதான்.

ஹ்யூசன் சொன்னது எவ்வளவு தூரம் சரி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்த வியாபாரி ஒரு கேக்கை 6 டாலருக்குக் கொடுக்கிறான் என்றும், அதற்கு விற்பனை வரி 100-க்கு 20 என்றும் வைத்துக்கொள்வோம். வரி 1 டாலர் 20 சென்டு. கடைக்காரன் தன் செலவும் லாபமுமாக 4 டாலர் சேர்க்கிறான். விலை 11 டாலர் 20 சென்டு ஆகிறது. புது முறையில் பழைய வரி இல்லை. 6-ம் 4-ம் பத்து. அதன்மேல் 100-க்கு 15 வீதம் ஒன்றரை டாலர். ஆக 11 டாலர் 50 சென்டு. விலை 30 சென்டு ஏறிவிட்டது. பழைய வரி 100-க்கு 30 என்றிருந்தால் பழைய விலை 11 டாலர் 80 சென்டாக இருந்திருக்கும். அப்போது புது முறையில் அதே 30 சென்டு குறையும். பழைய வரியே இல்லாத கேக்கானால் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. ஆகவே, "எந்தக் கேக்கு என்று தெரிந்தால்தான் சொல்லமுடியும்" என்ற கருத்திலே ஹ்யூசன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இருபது வருஷமாக விடைத்தாள் திருத்தி வருகிறேன். அந்தப் பதிலை என் மாணவன் எழுதியிருந்தால் பத்துக்குப் பத்தும் போட்டிருப்பேன்.

ஆனால் அதே பதிலை வகுப்பிலே எழுந்து நின்று கேள்வி கேட்ட ஒரு பையனுக்கு நான் சொல்லியிருந்தால்? பையன் மரியாதைக்காகத் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவான், ஒன்றும் விளங்கியிராது. வில்லஸியின் கேள்வி வரி விகிதத்தைப் பற்றியதே அல்ல. "நான் கடைக்குப் போகும்போது நீங்கள் என் பக்கத்தில் நிற்கிறீர்களா, கல்லாப் பக்கத்தில் நிற்கிறீர்களா?" என்பதுதான் அதன் உட்பொருள். "சில கேக்குகளுக்குக் கொஞ்சம் ஏறும்; ஆனால் உங்கள் வருமான வரியில் அதைவிட அதிகம் குறைகிறது" என்று நேராகச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். மனுஷர் மெழுகுவர்த்திக்குப் போனார்.

கீட்டிங் சும்மா இருப்பவரா? அவர் பள்ளிப் படிப்பை விட்டாரே ஒழியப் பேச்சை விடவில்லை. இந்த வரி விளங்காவிட்டால் இதற்கு வோட்டுப் போடாதீர்கள். விளங்கிவிட்டால் ஒருபோதும் போடமாட்டீர்கள் என்பது அவருடைய பிரசாரம். ஆஸ்திரேலியாவில் 1924 முதல் வோட்டுப் போடுவது கட்டாயம். போடாதவருக்கு அபராதம் உண்டு. ராஜீய விஷயங்களில் சிரத்தை உள்ளவர் மட்டுமல்ல, 650 பக்கத்தில் ஒரு பக்கத்தையும் புரட்டாதவரும் சாவடிக்கு வந்தே தீரவேண்டும். அப்படிப்பட்டவருக்குத் திட்டம் முழுவதும் ஒரு கேக்கின் உருவத்தில் வந்து சேர்ந்தது.

தேர்தல் முடிவில் தொழிற் கட்சிக்கு 80 ஸ்தானம். லிபரல், நாஷனல் கட்சிகளின் கூட்டுக்கு 65. ஆட்சியிலிருந்த கட்சி தொடர்ந்து ஐந்தாம் முறையாக ஜயித்தது மட்டுமல்ல, முன்னைவிட அதிக வோட்டும் வாங்கிற்று. இத்தனைக்கும் அது எப்பேர்ப்பட்ட சமயம்! வேலையில்லாத் திண்டாட்டம் 100-க்கு 11 ஆக ஏறியிருந்த சமயம். கீட்டிங் பொக்கிஷ மந்திரியாக இருந்த நாளிலே வீட்டுக் கடன் வட்டி 100-க்கு 17 வரை போனதை ஜனங்கள் மறந்திருக்கவில்லை. வியாபார மந்தம் வந்தபோது, இது நாட்டுக்கு வந்தே தீரவேண்டியிருந்த மந்தம் என்று சொன்ன மனிதரும் அவரே. அந்த வார்த்தைக்காகவே அவரைத் தண்டிக்கலாம் என்று காத்திருந்தவர்கள் பலர். அவர்களில் எத்தனையோ பேர் கடைசியில் அவருக்கே வோட்டுப் போட்டார்கள்.

ஒரு கேக்கு ஒரு தேர்தலைத் தோற்கடித்தது என்று கதை சொல்வது ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது முழு உண்மை ஆகாது. ஹ்யூசனுடைய திட்டத்தில் வரி மட்டுமா இருந்தது? பொது வைத்திய உதவி ஏற்பாட்டைச் சுருக்குவது இருந்தது. தொழிலாளர் சட்டங்களைத் தளர்த்துவது இருந்தது. அதே கட்சியைச் சேர்ந்த ஜெப் கென்னட் விக்டோரியா மாகாணத்தில் 1992 அக்டோபரில் பதவிக்கு வந்து, சர்க்கார் உத்தியோகஸ்தர்களைக் குறைத்துப் பள்ளிக்கூடங்களை மூட ஆரம்பித்திருந்தார். மெல்போர்ன் வீதிகளில் ஜனங்கள் திரள் திரளாக ஊர்வலம் போனார்கள். அந்த விக்டோரியாவில்தான் தொழிற் கட்சி புது ஸ்தானங்களைப் பிடித்தது. ஆக, பயம் ஏற்கனவே உள்ளே இருந்தது. கேக்கு அதற்கு ஒரு பெயர் கொடுத்தது.

நிற்க. ஜயித்தவர் செய்த காரியத்தையும் பார்க்கவேண்டாமா? ஹ்யூசன் புது வரி போட்டுத் தரப்போவதாகச் சொன்ன வருமான வரிக் குறைப்பை, வரியே போடாமல் நான் தருகிறேன் என்று கீட்டிங் வாக்களித்திருந்தார். அதைச் சட்டமாகவே செய்துவிட்டோம் என்று சட்டம் என்ற சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சொல்லிக் காட்டினார். தேர்தல் முடிந்து ஐந்து மாதத்தில், 1993 ஆகஸ்டு வரவு செலவுத் திட்டத்தில், பழைய விற்பனை வரி விகிதங்கள் உயர்த்தப்பட்டன. வருமான வரிக் குறைப்பின் இரண்டாம் பகுதி தள்ளிப் போடப்பட்டது. கண்ணுக்குத் தெரிகிற வரியை வேண்டாம் என்று சொன்ன ஜனங்கள், கண்ணுக்குத் தெரியாத வரியை அதிகமாகக் கட்டினார்கள். வரி விஷயத்தை விவரமாகச் சொன்னவரைத் தோற்கடித்து, சொல்லாதவரிடம் வரி கட்டினார்கள் என்று சொன்னால் அது கொஞ்சம் கடுமைதான், ஆனாலும் பொய்யல்ல. அதற்கான கூலியைக் கீட்டிங்கும் 1996 மார்ச்சில் பெற்றுக்கொண்டார்.

அவரைத் தோற்கடித்த ஜான் ஹோவர்டு, இந்த வரி இனி ஒருபோதும் வராது என்று 1995-ல் அழுத்தம் திருத்தமாகச் சொன்னவர். பிறகு மனம் மாறி அதையே தூக்கிக்கொண்டு 1998 தேர்தலில் நின்றார். மயிரிழையில் தப்பினார், நாடு முழுவதும் கூட்டிப் பார்த்தால் எதிர்க்கட்சிக்கே வோட்டு அதிகம், ஸ்தானங்கள் மட்டும் இவருக்கு. செனட் சபையில் சிறு கட்சி ஒன்றுடன் பேரம் பேசி, அத்தியாவசிய உணவுகளுக்கு விலக்களித்து, 2000 ஜூலை முதல் தேதி 100-க்கு 10 வீதம் வரி அமலுக்கு வந்தது. ரொட்டிக்கு வரி கிடையாது, கேக்குக்கு உண்டு. வில்லஸியின் கேள்விக்கு ஏழு வருஷம் கழித்து ஒரே சொல்லில் விடை கிடைத்தது.

இந்த வம்பு கடல் கடந்த தேசத்துக்கு மட்டும் உரியதென்று நாம் சிரித்துவிட முடியாது. 2024 செப்டம்பரில் கோயமுத்தூரில் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் வியாபாரிகளைச் சந்தித்த கூட்டத்தில் ஓட்டல் முதலாளி ஒருவர் எழுந்து பேசியது நேயர்களுக்கு நினைவிருக்கும். பன்னுக்கு வரி இல்லை; அதற்குள் கிரீமை வைத்துவிட்டால் 100-க்கு 18 வீதம் வரி; சாப்பிட வருகிறவர், கிரீமைத் தனியாகக் கொண்டுவா, நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறார் என்றார். கூட்டம் சிரித்தது, நாடும் சிரித்தது. ஹ்யூசனைத் திணறவைத்த கேள்வி முப்பத்தொரு வருஷம் கழித்துக் கொங்கு நாட்டுத் தமிழில் வந்து நின்றது. வரி விகிதங்கள் அடுத்த வருஷமே பலவாறு மாறின. ஆனால் விலக்குக்கும் வரிக்கும் நடுவே கோடு கிழிக்கிறவர் எவரும் ஏதாவது ஒரு பன்னின்மேல் கிழித்துத்தான் ஆகவேண்டும்.

ஹ்யூசன் 1994-ல் கட்சித் தலைமையை இழந்தார். அடுத்த வருஷம் பார்லிமெண்டையும் விட்டார். அவர் போனதைப்பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. அவரோடு இன்னொன்றும் போயிற்றே, அதைப்பற்றித்தான் வருத்தம். எதிர்க்கட்சியில் இருக்கிறவர்கள் தங்கள் உத்தேசங்களை எழுதிக் கொடுத்தால் ஆபத்து என்று எல்லாக் கட்சிகளும் பாடம் படித்துக்கொண்டன. ஹோவர்டு 1996-ல் ஜயித்ததே, எதிரி அடிப்பதற்கு இடம் கொடாமல் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றதனால்தான் என்பார்கள்.

அந்தப் பாடத்தை மறந்த ஒரு கட்சியும் உண்டு. 2019-ல் தொழிற் கட்சித் தலைவர் பில் ஷார்ட்டன், பங்கு வருமானத்தில் சர்க்கார் திருப்பிக் கொடுத்துவந்த ரொக்கத்தை நிறுத்துவது முதலாகப் பல வரி மாற்றங்களை வெளிப்படையாகச் சொல்லி நின்றார். இது பிடிக்காதவர்கள் எங்களுக்கு எதிராக வோட்டுப் போட முழு உரிமை உண்டு என்று அவருடைய சகா கிறிஸ் போவன் சொல்லிவைத்தார். இந்த நிலையில், ஓய்வூதிய சேமிப்பின் மேல் வரியை உயர்த்தும் உத்தேசம் இல்லை என்று ஷார்ட்டன் ஏப்ரலில் ஒரு நிருபரிடம் சொல்லிவிட்டார். அவர் கட்சியின் திட்டத்திலோ அது இருந்தது! மறுநாள் சமாளிக்கவேண்டியதாயிற்று. அதுவும் எல்லாரும் ஜயம் நிச்சயம் என்று சொன்ன தேர்தல், அதிலும் தோல்வி. போவன் கொடுத்த உரிமையை ஜனங்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அடுத்து வந்த அந்தோணி அல்பனீஸ், கட்சியின் வரித் திட்டங்களைப் பெரும்பாலும் மூட்டை கட்டி வைத்துவிட்டார். 2022 ஏப்ரல் 10-ந் தேதி தேர்தல் அறிவிப்பாயிற்று. மறுநாள் டாஸ்மேனியாத் தீவில் லான்செஸ்டன் என்ற ஊரில் நிருபர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ரிசர்வ் பாங்கியின் வட்டி விகிதம் என்ன? அவருக்குத் தெரியவில்லை. வேலையில்லாதோர் 100-க்கு எத்தனை பேர்? ஐந்து என்று இழுத்து, 5.4 என்று சொல்லி, பிறகு நிச்சயமில்லை என்று விட்டுவிட்டார். அப்போது வட்டி விகிதம் 0.10, அதாவது நூறு டாலருக்குப் பத்து சென்டு; ஒன்றரை வருஷமாக அதே விகிதந்தான். வேலையில்லாதோர் 100-க்கு 4. அல்பனீஸும் பொருளாதாரத்தில் பட்டம் பெற்றவர்தான் என்பது இதிலே வேடிக்கை. இங்கே ஹ்யூசன் விஷயத்தைப்போல் நுணுக்கம் எதுவும் இல்லை. சுத்தமான தப்பு, பத்துக்குப் பூஜ்யம்.

பத்திரிகைகள் இவர் கதை முடிந்தது என்று எழுதின. ஆனால் அவர் அன்று மாலைக்குள் செய்த காரியம் ஒன்று உண்டு. தவறிவிட்டேன், நானும் மனிதன்தான், தவறு செய்தால் ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பசுமைக் கட்சித் தலைவர் ஆடம் பாண்ட்டிடம் ஒரு நிருபர் கூலி விகிதத்தைக் கேட்டபோது, கூகிளில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் வெடுக்கென்று சொன்னார். பிரதம மந்திரி ஸ்காட் மோரிசனும் இந்தப் பரீட்சைக்குத் தப்பவில்லை. அந்த வருஷம் பிப்ரவரியிலே அவரிடம் ஒரு ரொட்டி என்ன விலை, ஒரு லிட்டர் பெட்ரோல் என்ன விலை என்று கேட்டார்கள். தினம் கடைக்குப் போய் ரொட்டியும் பாலும் வாங்குவதாக நான் பாசாங்கு செய்யப்போவதில்லை என்பது அவர் பதில். யோக்கியமான பதில்தான். ஆனால் ரொட்டி விலை மட்டும் வரவில்லை.

பிறகு விலைவாசி தானே பிரசாரத்தில் இறங்கிவிட்டது. விலைகள் ஒரு வருஷத்தில் 100-க்கு 5.1 ஏறிவிட்டன என்று ஏப்ரல் கடைசியில் சர்க்கார் கணக்கு வெளியாயிற்று. மே 3-ந் தேதி, தேர்தலுக்குப் பதினெட்டு நாள் முன்னே, ரிசர்வ் பாங்கி வட்டியை உயர்த்திற்று. 2010-க்குப் பிறகு அதுதான் முதல் உயர்வு. விலை ஏறிய அளவுக்குக் குறைந்தபட்சக் கூலியும் ஏறவேண்டுமா என்று அல்பனீஸிடம் கேட்டார்கள். சந்தேகமின்றி ஏறவேண்டும் என்றார். மணிக்கு 20 டாலர் 33 சென்டு வாங்கும் தொழிலாளிக்கு அது மணிக்கு ஒரு டாலர்தான் என்று, ஒரு டாலர் நாணயத்தைக் கையில் எடுத்துக் காட்டினார். பொறுப்பற்ற பேச்சு, விலை இன்னும் ஏறும் என்று மோரிசன் கண்டித்தார். பொருளாதார நிபுணர்களிடையே இதில் இரண்டு அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் சாவடிக்குப் போகிற ஒரு தாதியோ கடைச் சிப்பந்தியோ அந்த நாணயத்தை மறந்திருக்கமாட்டாள். லான்செஸ்டனில் எண்ணைத் தப்பாகச் சொன்ன மனிதர், ஒரு மாதம் கழித்து எண்ணைக் கையில் பிடித்துக் காட்டினார்.

படிப்பில்லாத கோடிக்கணக்கான ஜனங்களுக்கு வோட்டுரிமை கொடுத்தால் அவர்கள் பொருளாதாரத்தை எப்படி நிதானிப்பார்கள் என்று நம் சுயராஜ்யத்தின் ஆரம்பத்திலே கேட்டவர்கள் உண்டு. எல்லாரும் படித்திருக்கும் நாட்டிலும் வோட்டர்கள் திட்டத்தை வரிக்கு வரி வாசித்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. தங்கள் கைப்பணத்தைப்பற்றித் தங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு பொருளை எடுத்து அபேட்சகர் முன்னால் வைத்துப் பார்க்கிறார்கள். கேக்கு, ரொட்டி, ஒரு டாலர் நாணயம், நம் ஊரிலே வெங்காயம். அது மோசமான பரீட்சை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பரீட்சைக்குப் பயந்து அபேட்சகர்கள் எதையுமே எழுதிக் கொடாமல் வந்து நிற்கும்போது, ஜனங்கள் எதை வைத்து விலை கேட்பார்கள்? 2022-ல் மே 21-ந் தேதி அல்பனீஸ் 151-ல் 77 ஸ்தானம் பெற்றுப் பிரதம மந்திரியானார். முதல் விருப்பமாக அவர் கட்சிக்கு விழுந்த வோட்டோ 100-க்கு 33 கூட இல்லை. தோற்றுப்போன 2019-ல் வாங்கியதைவிட அது குறைவு. பல வோட்டர்கள் இரண்டு பெரிய கட்சிகளையுமே விட்டுச் சுயேச்சைகளிடமும் சிறு கட்சிகளிடமும் போனார்கள்.

ஜூன் 15-ந் தேதி அந்நாட்டுக் கூலி நிர்ணய மன்றம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 21 டாலர் 38 சென்டாக உயர்த்திற்று; டாலர் நாணயத்துக்குமேல் ஐந்து சென்டு அதிகம். அல்பனீஸ் வாய் தவறிய லான்செஸ்டன் நகரம் பாஸ் என்ற தொகுதியைச் சேர்ந்தது. அது லிபரல் கட்சியின் பிரிட்ஜெட் ஆர்ச்சர் 2019-ல் மிகச் சொற்ப வோட்டில் ஜயித்த தொகுதி. நாடு முழுவதும் லிபரல் ஸ்தானங்கள் சரிந்த அந்தத் தேர்தலில், பாஸ் தொகுதி ஜனங்கள் அவரையே, முன்னைவிடக் கொஞ்சம் அதிக வோட்டு வித்தியாசத்தில், திரும்ப அனுப்பினார்கள்.